தன்னையே சமிக்கும் சதையி



வேலியே பயிரை மேய்ந்த கதையை நாம் அறிவோம். நம் வயிற்றினுள்ளும் அத்தகைய கதையொன்று நிகழ்வதுண்டு.

இரைப்பைக்குப் பின்னே குறுக்காகக் கிடக்கும் மெல்லிய உறுப்புச் சதையியாகும். கணையம் என வழங்குவோரும் உளர். நாம் உண்ணும் புரதம், கொழுப்பு, மாப்பொருள் ஆகியவற்றைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்களை ஆக்குவது அதுவே. ஆயின், இறைச்சியைக் கரைக்கவல்ல நொதியம் தன்னை ஆக்கிய கலத்தை ஏன் கரைப்பதில்லை? அக்கலமும் புரதத்தால் ஆனதன்றோ?

இயற்கை இதற்கு மூன்று காவல்களை வைத்துள்ளது. முதலாவது, நொதியம் உறையிலிட்ட வாள் போலச் செயலற்ற உருவிலேயே ஆக்கப்படுகின்றது. திரிப்சினோசன் என்னும் அப்பொருள், சிறுகுடலை அடைந்து, குடற்சுவரில் உள்ள வேறொரு நொதியத்தால் வெட்டப்பட்ட பின்னரே திரிப்சினாக மாறும். இரண்டாவது, அது கலத்தினுள் மென்சவ்வுப் பைகளில் அடைத்து வைக்கப்படுகின்றது. மூன்றாவது, தவறிச் சிறிது திரிப்சின் தோன்றினும், அதனைப் பற்றி அடக்கும் புரதமொன்று உடனிருக்கின்றது.

இக்காவல்கள் தளரும்போது சதையி தன்னைத் தானே சமித்துக்கொள்கின்றது என்று 1896ஆம் ஆண்டில் ஆன்சு கியாரி என்னும் நோயியல் அறிஞர் கூறினார். பித்தக்கல் ஒன்று சதையிக்கானின் வாயிலை அடைத்தாலோ, மிகு மதுப் பழக்கத்தாலோ, கலத்தினுள் கல்சியத்தின் அளவு உயர்ந்து தணியாது நிற்கும். அப்போது நொதியப் பைகள், பழுதுற்ற பொருள்களைச் சிதைக்கும் இலைசோசோம் பைகளுடன் கலந்துவிடுகின்றன. குடலில் நிகழவேண்டிய வெட்டு கலத்தினுள்ளேயே நிகழ்கின்றது. உறை கழன்ற திரிப்சின் ஏனைய நொதியங்களையும் எழுப்பிவிடும். கலத்துக்குச் சத்தியளிக்கும் இழைமணிகள் ஓய, கலம் வெடித்து மாள்கின்றது.

1996ஆம் ஆண்டில், இந்நோய் பரம்பரையாகத் தொடரும் குடும்பங்களை ஆராய்ந்தோர், திரிப்சினோசனை ஆக்கும் பரம்பரையலகிலேயே ஒரு மாற்றத்தைக் கண்டனர். கியாரியின் கருத்துக்கு நூறாண்டின் பின் கிடைத்த வலிய சான்று அது.

எனினும் கதை திரிப்சினோடு முடிவதில்லை. திரிப்சினோசனின் முக்கிய வகையொன்று நீக்கப்பட்ட எலிகளிலும் அழற்சி தோன்றியது. புண்பட்ட கலங்கள் தாமே அபாய அறிவிப்பு விடுக்கின்றன. அதைக் கேட்டு வெண்குழியங்கள் திரண்டு வருகின்றன. காக்க வந்த படை மிகுந்தால் ஊரும் சேர்ந்து அழியும். குருதிக்கலன்கள் கசிந்து, உடலின் நீர் குறைந்து, நுரையீரலும் சிறுநீரகமும் தளரும் நிலை அவ்வாறே நேர்கின்றது.

இவ்வழற்சியை நிறுத்தும் தனி மருந்து இன்னும் வழக்கில் இல்லை. வேளைக்கு நாளத்தின் வழியே நீரூட்டி, நோவைத் தணித்து, உறுப்புகளைத் தாங்கி நிற்பதே வைத்தியம். ஆதலின், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை ஊடுருவும் கடுநோவு வாந்தியுடன் வருமாயின், வாய்வென்று எண்ணி இஞ்சிச் சாறு குடித்து விடியுமட்டும் காத்திராதீர்கள். குருதியிற் கசிந்த நொதியத்தை அளந்து நோயை அறியும் வசதி வைத்தியசாலையில் உண்டு. உள்ளே உறை கழன்ற வாள் நாம் விடியுமட்டும் காத்திருப்பதை அறியாது.