உங்களுக்குத் தெரியுமா? குழந்தை வரப்போகும் வீட்டுக்கு எந்த நாய்?

முதல் குழந்தை வரப்போகும் நேரத்தில், கூடவே ஒரு நாயும் வளர்ந்தால் நன்றாயிருக்குமே என்று பல இளம் தம்பதிகள் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எந்த இனம் வாங்கலாம்?" என்றுதான். எந்த நாய், எந்த நேரத்தில் என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

இனம் பாதிகூடச் சொல்லாது

18,000-க்கும் மேற்பட்ட வளர்ப்பு நாய்களை வைத்து அமெரிக்க விஞ்ஞானிகள் செய்த ஆய்வு 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. நாய்க்கு நாய் குணம் வேறுபடுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்கிறது அது. உடல் அளவு, முடி, ஓட்டத் தேவை ஆகியவற்றை இனத்தை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். ஆனால் லாப்ரடார் என்றாலே சாது, நாட்டு நாய் என்றாலே முரடு என்று தீர்ப்பு எழுத முடியாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிலேயே ஒன்று பயந்தாங்கொள்ளி, இன்னொன்று அடங்காப்பிடாரி. நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவரப்போவது ஓர் இனத்தை அல்ல, ஒரு நாயை.

குட்டி வேண்டுமா, யோசியுங்கள்

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. அவை விழுந்து 42 நிரந்தரப் பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாதம் ஆகும். அதுவரை செருப்பு, சோபா, விரல் எதையும் விடாது. பிரசவத்துக்கு இரண்டு மாதம் முன்பு எட்டு வாரக் குட்டியை வாங்கினால், குழந்தை பிறக்கும்போது அது சரியாகப் பல் முளைக்கும் பருவத்தில் நிற்கும். பகலில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கூட்டிப்போக வேண்டும், ராத்திரியும் எழுப்பும். பால்குடிக் குழந்தையும் நாய்க்குட்டியும் ஒரே நேரத்தில் என்றால் தாய்க்குத் தூக்கமே இருக்காது.

வளர்ந்த நாய்க்கு ஒரு வாய்ப்பு

இரண்டு மூன்று வயதான நாயின் குணம் ஏறத்தாழ நிலைபெற்றுவிடும். எவ்வளவு வளரும், எவ்வளவு குரைக்கும், குழந்தையைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற அமைப்புகளில் தத்துக்கு நாய்கள் கிடைக்கின்றன. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது குழந்தைகள் உள்ள வீட்டில் இருந்திருக்கிறதா?" நல்ல குணமுள்ள நாட்டு நாய்க்கு நம் ஊர் வெயிலும் பழக்கம்.

எட்டு வாரச் சட்டம்

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. காரணம் இருக்கிறது. தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது. சுமார் 3 முதல் 12 வாரம் வரை பார்த்துப் பழகியவற்றை நாய் இயல்பாக ஏற்கும் என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். அந்த வாரங்களில் குழந்தையின் முகத்தையே பார்க்காத குட்டிக்குப் பின்னாளில் குழந்தை ஒரு விநோதப் பிராணி. குட்டி வளரும் இடத்தை நேரில் பாருங்கள். தாய் நாயைக் காட்டத் தயங்கினால் வாங்காதீர்கள்.

ஒரு டம்ளர் போதும்

நாயைப் பார்க்கப் போகும்போது ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்துச் செல்லுங்கள். நாய்க்குப் பக்கத்தில் போடாமல், சற்றுத் தள்ளித் தரையில் விழவிடுங்கள். திடுக்கிடுவது தவறில்லை, எல்லா நாயும் திடுக்கிடும். அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்பதுதான் பாடம். காதை நிமிர்த்தி, கொஞ்ச நேரத்தில் கிட்டே வந்து டம்ளரை மோந்து பார்த்தால் நல்லது. கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வர மறுத்தாலோ, உங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தாலோ, குழந்தை வீறிடும் வீடு அதற்குச் சுமை. அது சாப்பிடும்போது வளர்ப்பவர் அந்தப் பக்கம் நடந்து போகட்டும். உடம்பு விறைத்து, தட்டின்மேல் கவிழ்ந்துகொண்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை பார்த்து முடிவெடுக்காமல், வேறொரு நாளும் போய்ப் பாருங்கள்.

தாய்வீட்டுப் பிரசவம்

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும் பெண், கைக்குழந்தையோடு திரும்பச் சில மாதங்கள் ஆகும். இடையில் நாய் கணவரோடு மட்டுமே பழகியிருக்கும். அதன் கணக்கில் ஒரு நாள் திடீரென்று இரண்டு புதியவர்கள் வந்து நிற்கிறார்கள்! ஆகவே நாய் வருவதென்றால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே வரட்டும். நடை, சாப்பாடு, பழக்கம் எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணுக்கும் பங்கு இருக்கட்டும். அது முடியாதென்றால் குழந்தை சற்று வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து திரும்பும் முன் குழந்தைக்குச் சுற்றிய துணி ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவைத்தால், முகத்துக்கு முன்பே வாசனை அறிமுகமாகிவிடும்.

தூளியும் சாம்பிராணியும்

ஆடும் பொருளைத் துரத்துவது பல நாய்களின் இயல்பு. சேலையில் கட்டிய தூளி ஆடுகிறது, உள்ளே ஏதோ நெளிகிறது, சத்தம் வேறு வருகிறது. எட்டிக் குதிக்க நாய்க்கு வேறென்ன வேண்டும்? குழந்தை வருவதற்கு ஒரு மாதம் முன்பே தூளியைக் கட்டி, உள்ளே தலையணை வைத்து ஆட்டுங்கள். நாய் பேசாமல் படுத்திருந்தால் தின்பண்டம் கொடுங்கள். குழந்தை அழும் ஒலிப்பதிவை முதலில் மெதுவாகவும், போகப்போகச் சத்தமாகவும் கேட்கவிடுங்கள். சாம்பிராணிப் புகையும் இப்போதே பழகட்டும்.

வெள்ளை நாயின் காது

அமெரிக்காவில் சோதித்துப் பார்த்த டால்மேஷன் நாய்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுகளோ கேட்பதில்லை. வெண்மை நிறத்துக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் மரபணுத் தொடர்பு உண்டு. 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற நம் ராஜபாளையத்திலும் இந்தக் குறை காணப்படுகிறது. காது கேட்காத நாய், தூக்கத்தில் குழந்தை தொட்டால் மிரண்டு திரும்பும். வாங்கும் முன் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் கைதட்டலில் தெரியாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

விளம்பரத்தில் வந்த நாய்

2003-இல் ஹட்ச் செல்பேசி விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னாலேயே நடந்த பக், நாடு முழுக்கப் பிரபலமானது. அந்தச் சப்பை மூக்கு அதற்கு மூச்சுத் தடை. நம் கோடையில் எளிதில் துவண்டுவிடும். மருத்துவரிடம் அடிக்கடி ஓட, பச்சிளம் குழந்தை உள்ள வீட்டில் யாருக்கு நேரம் இருக்கும்? முயல் வேட்டைக்கு வளர்த்த சிப்பிப்பாறைக்குச் சிக்கல் வேறு வகை: ஓட இடமில்லாத அடுக்குமாடி வீடு அதற்குச் சிறை.

அலர்ஜி தராத நாய் உண்டா?

இல்லை. அலர்ஜியைத் தூண்டும் புரதங்கள் எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கின்றன. முடி உதிராத இனமும் அவற்றை உதிர்க்கும். அலர்ஜி தராது என்று சொல்லி விற்கப்படும் இனங்கள் உள்ள வீட்டுத் தூசியிலும் மற்ற வீடுகளில் உள்ள அளவே அந்தப் புரதம் இருந்ததை 2011-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நல்ல செய்தியும் உண்டு. முதல் வயதில் வீட்டில் நாயோடு வளர்ந்த ஸ்வீடன் குழந்தைகளுக்குப் பள்ளி வயதில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு சுமார் 13 சதவீதம் குறைவு என்று 2015-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று கண்டது. பெற்றோருக்கே இழுப்பு இருந்தால், முடிவெடுக்கும் முன் அந்த நாயோடு சில மணி நேரம் இருந்து பாருங்கள்.

புழு பிறவியிலேயே வரும்

கர்ப்பிணிகள் அஞ்சும் டாக்சோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில்தான் வெளிவரும், நாயின் மலத்தில் அல்ல. ஆனால் உருண்டைப்புழு தாய் நாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடும். அதனால்தான் பிறந்த இரண்டாம் வாரத்திலேயே புழுநீக்க மருந்து தொடங்குகிறார்கள். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்காகவும் அந்த மருந்தைத் தவறவிடக் கூடாது.

கடித்தது யார் வீட்டு நாய்?

குழந்தைகளைக் கடித்த 103 நாய்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அவற்றில் 66 சதவீதம் அதற்குமுன் எந்தக் குழந்தையையும் கடித்ததில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் கடிபட்டது பெரும்பாலும் உணவையோ பொருளையோ நாய் காக்கும் வேளையில்தான். கொட்டாவி, உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், அசையாமல் உறைதல் எல்லாமே "போதும், விடு" என்பதற்கான முன்னறிவிப்பு. உறுமினால் அடிக்காதீர்கள். உறுமுவதை நிறுத்திக்கொண்ட நாய், எச்சரிக்காமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

கீரியும் வேட்டை நாயும்

குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த கீரியை, வாயில் ரத்தத்தைக் கண்டு தாய் கொன்றுவிடும் கதை பஞ்சதந்திரத்தில் உண்டு; சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் வருகிறது. இதே கதை வேல்ஸ் நாட்டில் கெலர்ட் என்ற வேட்டை நாயின் பெயரால் வழங்குகிறது. அங்கே பாம்புக்குப் பதில் ஓநாய். எல்லா வடிவங்களிலும் குழந்தையோடு விலங்கு இருந்த இடத்தில் பெரியவர் ஒருவரும் இல்லை. எவ்வளவு நம்பிக்கையான நாயானாலும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். குழந்தை தவழத் தொடங்கும் மாதங்களில் இன்னும் கவனம் வேண்டும். படுத்தே இருந்த ஜீவன் அப்போதுதான் நாயின் தட்டைத் தேடி வர ஆரம்பிக்கும்.

15 நிமிடம்

வெறிநாய்க்கடி சந்தேகமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து போட வேண்டும். சிறு பல் கீறல் ஆனாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணி கடிபட்டாலும் மனிதருக்கான ரேபிஸ் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

காத்திருப்பதும் நல்ல முடிவுதான்

நாய் பொதுவாக 10 முதல் 13 ஆண்டுகள் வாழும். குழந்தைக்கு நான்கு வயதாகும்போது கொண்டுவந்தால், பிளஸ் டூ படிக்கும் காலம்வரைகூட அது கூடவே இருக்கலாம். அந்த வயதில் குழந்தையே தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும், சாப்பிடும் நாயைத் தொடக் கூடாது என்று சொன்னால் புரிந்துகொள்ளும். இப்போது கையில் நேரமும் கூடமாட உதவ ஆளும் இருந்தால், நிதானமான வளர்ந்த நாயாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் குற்ற உணர்ச்சியே இல்லாமல் தள்ளிப்போடுங்கள். அவசரமாக வாங்கி ஆறே மாதத்தில் தெருவில் விடப்படுவதைவிட, நான்கு வருடம் கழித்து வரவேற்கப்படுவது அந்த நாய்க்கும் நல்லது.