கடலுக்கு அடியில் ஓர் உல்லாசப் பயணம்

மூச்சை அடக்கினால் ஆபத்து! உண்மையை மறைத்தாலும் ஆபத்து!

நீச்சல் தெரியாதவர்கூடக் கடலுக்குள் இறங்கி, மீன்களுக்கு நடுவே உலாவி வரலாம் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவில், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் இது அன்றாடம் நடக்கிறது.

புதுமணத் தம்பதிகள் வருகிறார்கள். தாய் தந்தையரோடு பிள்ளைகள் வருகிறார்கள். பல வருடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வருகிறவர்களும் உண்டு. முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் கண்ணாடி, காலில் ரப்பர் துடுப்பு. இந்த வேஷத்தோடு கடலில் இறங்குகிறார்கள்.

இதற்கு "ஸ்கூபா டைவிங்" என்று பெயர்.

தீவு எங்கே இருக்கிறது?

சென்னையில் இருந்து சுமார் 1,350 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அந்தமானின் தலைநகரம். போர்ட் பிளேர் என்று இருந்த அதன் பெயர், 2024-ம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள்.

அங்கிருந்து படகில் இரண்டு மணி நேரம் போனால் ஹேவ்லாக் தீவு. 1857-ம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயர் பக்கம் நின்ற ஒரு தளபதியின் பெயர் அது. 2018-ம் ஆண்டில் "ஸ்வராஜ் த்வீப்" என்று புதுப் பெயர் சூட்டினார்கள். பழைய பெயரும் மக்கள் வாயில் இருந்து போகவில்லை.

தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்தில் இருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்களே இங்கு அதிகம். முன்பு காட்டு மரங்களை இழுக்க யானைகளைக் கொண்டு வந்தார்கள். அவற்றில் ராஜன் என்ற யானை கடலில் நீந்திப் பெயர் பெற்றது. 2016-ம் ஆண்டில் அது இறந்தது.

முத்துக் குளிப்பவர்கள்

கடலில் மூழ்குவது நமக்குப் புதிது அல்ல. தூத்துக்குடிக் கடலில் நெடுங்காலம் முத்துக் குளித்தார்கள். கல்லின் பாரத்தால் விரைவாகக் கீழே இறங்குவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பிகளை அள்ளுவார்கள். மூச்சு முட்டுவதற்குள் மேலே வந்துவிட வேண்டும்.

ஸ்கூபாவில் அந்தக் கவலை இல்லை. காற்றையே கூட எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிலிண்டரில் இருப்பது பிராணவாயு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றைத்தான் அழுத்தி அடைத்திருக்கிறார்கள்.

காருக்குச் செய்த கருவி

இந்தக் கருவி பிறந்த கதை சுவையானது.

இரண்டாவது உலகப் போர் நடந்த சமயம். பிரான்சு நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடைப்பது குதிரைக்கொம்பு ஆயிற்று. எரிவாயுவைக் கொண்டு கார் ஓட்டினார்கள். எஞ்சினுக்கு வேண்டிய அளவு வாயுவை மட்டும் விடும் கருவி ஒன்று, எமில் கான்யான் என்ற எஞ்சினீயரிடம் இருந்தது.

ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரி அவரைத் தேடி வந்தார். எஞ்சினுக்கு வாயு கொடுக்கும் கருவி, மனிதனுக்குக் காற்று கொடுக்காதா?

இருவரும் சேர்ந்து அதை மாற்றி அமைத்தார்கள். மூச்சை இழுத்தால் காற்று வரும். நிறுத்தினால் நின்றுவிடும். 1943-ம் ஆண்டில் கூஸ்தோ அதைக் கட்டிக்கொண்டு கடலில் மூழ்கிப் பார்த்தார். வெற்றி! இன்று உலகம் முழுவதும் பயன்படும் கருவிக்கு அதுவே முன்னோடி.

கீழே என்ன தெரியும்?

தண்ணீருக்கு அடியில் பொருள்கள் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். "இவ்வளவு பெரிய மீன்!" என்று கையை விரித்துக் காட்டுகிறவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

30 அடி ஆழத்தில் சிவப்பு நிறம் மங்கி மறைந்துவிடும். அங்கே விரலில் காயம் பட்டால், ரத்தம் கரும்பச்சையாகத் தோன்றும்!

பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தியைப் பார்க்கலாம். அது பூ அல்ல, பிராணி. அதன் விரல்கள் கொட்டும். ஆனால் கோமாளி மீனை ஒன்றும் செய்யாது. எதிரிக்குப் பயந்து, அந்த மீன் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

கிளிமீனுக்குக் கிளியின் அலகு போன்ற வாய். பவளப் பாறையைக் கடித்து நொறுக்கும். பிறகு மணலாகக் கழியும். கரையில் நாம் உட்கார்ந்து ரசிக்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான்.

கீழே பேச முடியாது. கையால்தான் ஜாடை காட்ட வேண்டும். கட்டை விரலை உயர்த்தினால் "பிரமாதம்" என்று பொருள் அல்ல. "மேலே போக வேண்டும்" என்று பொருள். மகிழ்ச்சியில் கட்டை விரலைக் காட்டினால், பயிற்சியாளர் உங்களை மேலே கொண்டுவந்து விடுவார்!

மூச்சை அடக்காதீர்கள்!

முத்துக் குளிப்பவர் மூச்சை அடக்க வேண்டும். ஸ்கூபாவில் மூழ்குகிறவர் மூச்சை அடக்கவே கூடாது. ஏன் இந்த வேற்றுமை?

33 அடி ஆழத்தில், கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு அழுத்தம் இருக்கிறது. அங்கே ஒரு பலூனை ஊதிக் கட்டி மேலே விடுங்கள். வர வர அது உப்பும். நீர்மட்டத்துக்கு வரும்போது இரண்டு மடங்கு பெரிதாகிவிடும்.

நுரையீரலும் ஒரு பலூன் மாதிரிதான். முத்துக் குளிப்பவர் மேலே இழுத்த மூச்சோடு கீழே போகிறார். அது கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது. ஸ்கூபாவில் மூழ்குகிறவர் கீழே மூச்சு இழுக்கிறார். பயந்துபோய் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

ஆகவே முதல் பாடம் இதுதான்: மூச்சு விட்டுக்கொண்டே இருங்கள். மெல்ல மேலே வாருங்கள்.

சோடாப் புட்டி

இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். ஆழத்தில் அது ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், திறந்த சோடாப் புட்டியைப்போல உடம்புக்குள் குமிழிகள் கிளம்பும். மூட்டுகள் வலிக்கும். கை கால் விழுந்துவிடவும் கூடும்.

படிப்படியாக மேலே வந்தால் இதைத் தடுக்கலாம் என்று, 1908-ம் ஆண்டில் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வெளியிட்டார். வெள்ளாடுகளை வைத்து அவர் இதைச் சோதித்துப் பார்த்தார்.

உடனே விமானம் ஏறுவதும் ஆபத்து. பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம், ஏறக்குறைய ஊட்டியில் இருப்பதைப்போலக் குறைந்துவிடும். மூழ்கிய பிறகு ஒரு முழு நாள் கழித்து விமானம் ஏறுவதே நல்லது.

பலர் ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுகிறார்கள். அது தவறு. முதலில் கடலில் மூழ்குங்கள். செல்லுலார் சிறைச்சாலையைக் கடைசி நாளில் பாருங்கள்.

ஒரு சின்னப் பொய்

கடலில் இறங்கும் முன் ஒரு படிவம் கொடுப்பார்கள். ஆஸ்துமா உண்டா? இருதய நோய் உண்டா? வலிப்பு வந்தது உண்டா? காதில் கோளாறு உண்டா? கர்ப்பமாக இருக்கிறீர்களா?

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "உண்டு" என்று எழுதினால் டாக்டர் சான்றிதழ் கேட்பார்கள். எத்தனை வருடத்து ஆசை! எவ்வளவு செலவு! வீட்டார் எல்லாரும் கரையில் காத்திருக்கிறார்கள். இந்த நினைப்பில் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

கரையில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கடல் கண்டுபிடித்துவிடும்.

ஜலதோஷத்தைக்கூட அற்பமாக நினைக்கக் கூடாது. கீழே போகும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, காதின் அழுத்தத்தைச் சரிசெய்ய வேண்டும். சளி அடைத்திருந்தால் அது முடியாது. செவிப்பறை கிழிந்துபோகும். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் தவறு. கீழே இருக்கும்போதே அதன் வேகம் குறைந்துவிடலாம்.

ஊரில் இருந்து புறப்படும் முன்பே டாக்டரைப் பாருங்கள். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கடலில் மூழ்க விடாதீர்கள். புதிதாக இறங்குகிறவர்கள் 40 அடிக்குக் கீழே போகக் கூடாது. எந்நேரமும் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பவளத்தைத் தொடாதீர்கள். அதுவும் உயிர்தான். 2010-ம் ஆண்டில் கடல் சூடேறி, அந்தமானில் ஏராளமான பவளங்கள் வெளுத்துப்போயின. ஒரு சிறு துண்டை எடுத்து வந்தாலும் சட்டப்படி குற்றம்.

போன இடத்தில் உடம்பு சரியில்லையா? "இன்றைக்கு வேண்டாம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். பத்து வருடம் காத்திருந்தவர்களுக்கு இன்னும் சில நாள் பெரிது அல்ல.

ஜலதோஷம் போய்விடும். கடல் எங்கும் போய்விடாது!