நொதியை முந்திப் பற்றும் மருந்து

நொதிகளின் போட்டித் தடையை விளக்க மெத்தனாலையே நான் எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரை மாய்த்த கள்ளச்சாராயத்தில் கலந்திருந்தது அதுதான். மெத்தனாலைவிடக் கொடியது அதிலிருந்து விளையும் ஃபார்மிக் அமிலம்; பார்வையைப் பறிப்பதும் அதுவே. விந்தை என்னவெனில், அம்மாற்றத்தைத் தொடங்கிவைப்பது நம் கல்லீரலிலுள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதியேயாகும். மருத்துவர் செலுத்தும் ஃபோமெபிசோல் என்னும் மருந்து அந்நொதியின் வினைத்தளத்தை முந்திப் பற்றிக்கொள்கிறது. நொதி கெடுவதில்லை, மெத்தனாலுக்கு இடம் கிடைப்பதில்லை, அவ்வளவே. மெத்தனால் மிக மிகுந்தால் மருந்தைத் தள்ளிவிட்டுத் தானே அமரும். ஆகவே வினையின் உச்ச வேகம் மாறாது. அதில் பாதியை எட்டத் தேவையான செறிவு, அதாவது மைக்கேலிஸ் மாறிலி, உயர்ந்து தோன்றும். தேர்வில் இவ்விரண்டையும் பலர் மாற்றி எழுதிவிடுகின்றனர். கடுமையான நிலையில் இரத்தச் சுத்திகரிப்பும் செய்வது, போட்டியிடும் மெத்தனாலையும் விளைந்த அமிலத்தையும் வெளியேற்றுவதற்காகவே.