முன்பின் தெரியாதவர் தரும் பேக்கேஜ்

டெபியன் லினக்ஸ் ஓடும் கணினியில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் ஆப்ட் என்ற கருவியிடம் பெயரைச் சொன்னால் போதும், எடுத்து வந்து நிறுவிவிடும். அது எடுத்து வருவது பெரும்பாலும் மிரர் எனப்படும் நகல் சர்வர்களிலிருந்து. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் காசு வாங்காமல் நடத்துபவை அவை. 2023இல் வந்த டெபியன் 12இல் 64,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் உண்டு. கேட்பவர்களுக்கெல்லாம் இவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கும் செலவை யாரோ சுமக்கிறார்கள்.

அதே பேக்கேஜ் ஏற்கெனவே பக்கத்து ஊர்க்காரர் கணினியிலும் இருக்கிறதே, அவரிடமே வாங்கிக்கொண்டால் என்ன?

முன்பின் தெரியாதவர் கொடுப்பதை எப்படி நம்புவது என்று உடனே தோன்றும். உண்மையில் அந்தப் பகுதிதான் அழகாகத் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஹாஷ் என்றொரு எண் உண்டு. மனிதருக்குக் கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். எல்லா ஹாஷ்களும் ஒரு பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலின் ஹாஷ் இன்னொரு கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பில் டெபியனின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி உங்கள் கணினியிலேயே இருக்கிறது. 2007இல் வந்த டெபியன் 4.0 முதல் ஆப்ட் இதைத் தானாகவே சோதிக்கிறது. ஆகவே பேக்கேஜ் யார் கையிலிருந்து வந்தாலும் கவலையில்லை. இந்த ஏற்பாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். கொடுப்பவர் நல்லவரா என்று ஆராயவே தேவையில்லாமல், கொடுத்த பொருளை மட்டும் சோதித்துக்கொள்ள முடிகிறது.

அப்படியென்றால், கோப்பைத் துண்டுகளாக வெட்டி, வைத்திருப்பவர்களே ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளும் டோரண்டில் போட்டுவிடலாமே? நிறுவல் டிஸ்க்கின் முழு வடிவத்தை டெபியன் அப்படித்தான் தருகிறது. அது எல்லோருக்கும் ஒரே மாதிரியான, பெரிய, மாறாத கோப்பு. பேக்கேஜ்கள் அப்படியல்ல. பல பேக்கேஜ்கள், டோரண்ட் வெட்டும் ஒரு துண்டின் அளவுகூட இல்லாதவை. தொகுப்போ நாள்தோறும் மாறுகிறது. எவரிடமும் அதில் கொஞ்சம்தான் இருக்கும். 2007இல் டெப்டோரண்ட் என்ற முயற்சி இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியது. அதைத் தொடர்ந்து வந்த ஆப்ட்-பி2பி வேறு வழியில் போனது. மொத்தத் தொகுப்பை விட்டுவிட்டு, ஒவ்வொரு பேக்கேஜையும் தனித்தனியே தேடியது.

யாரிடம் எது இருக்கிறது என்ற பதிவேடு ஒரே இடத்தில் இல்லாதபோது எப்படித் தேடுவது? இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். பெடர் மேமுன்கோவும் டேவிட் மாசியரும் 2002இல் வெளியிட்ட கடெம்லியா முறையில் ஒவ்வொரு கணினியும் தனக்கு ஒரு நீண்ட எண்ணை வைத்துக்கொள்கிறது. பேக்கேஜின் ஹாஷும் அதே அளவு எண்தான். ஹாஷுக்கு மிக நெருங்கிய எண் கொண்ட கணினிகள், அந்தப் பேக்கேஜ் யார் யாரிடம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்திருக்கும். தேடும் கணினி தனக்குத் தெரிந்த நெருங்கிய எண்காரரைக் கேட்கும். அவர் இன்னும் நெருங்கியவரைக் காட்டுவார். ஒவ்வொரு படியிலும் தூரம் பாதியாவதால், பத்து லட்சம் கணினிகளுக்கு நடுவிலும் சுமார் இருபது படிகளில் ஆள் கிடைத்துவிடுவார். கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது மிரர்.

இத்தனை இருந்தும் பேக்கேஜ்களை இப்படிப் பகிர்வது பரவலாகவில்லை. சிறிய பேக்கேஜுக்கு, இறக்கும் நேரத்தைவிடத் தேடும் நேரமே அதிகம். அதைவிடத் தீவிரமான காரணம் ஒன்று உண்டு. இந்தப் பேக்கேஜின் இந்தப் பதிப்பு என்னிடம் இருக்கிறது என்று அறிவிக்கும் கணினி, ஓட்டையுள்ள பழைய பதிப்பு தன்னிடம் இருப்பதையும் ஊருக்குச் சொல்லிவிடுகிறது. மிரருக்கும் நாம் வாங்குவது தெரியும்தான். ஆனால் அது ஒருவருக்குத் தெரிவது. இது எல்லோருக்கும் தெரிவது. ஹாஷும் கையொப்பமும் பொருளைக் காக்கும், வாங்கியவரைக் காக்காது. இதற்கிடையே ஃபாஸ்ட்லி போன்ற நிறுவனங்கள் தங்கள் விநியோக வலையமைப்பை டெபியனுக்கு இலவசமாகத் தர, வேகப் பிரச்சினையும் பெரிதும் தீர்ந்துவிட்டது. ஆனால் ஒரு நிறுவனத்தின் தயவில் நிற்பது எனக்கு நெருடலாகவே இருக்கிறது.

என் கணிப்பில், பகிர்வுக்கு ஏற்ற இடம் உள்வலை. கல்லூரி ஆய்வகத்தில் அறுபது கணினிகள் ஒரே இணைப்பின் வழியாக அதே அப்டேட்டை அறுபது முறை இறக்குவது வீண். அங்கே ஆளைத் தேடவும் வேண்டாம், ஊருக்கு அறிவிக்கவும் வேண்டாம். ஒரு கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவி, மற்றவற்றின் ஆப்ட் அமைப்பில் அந்தக் கணினியின் முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் ஒரு வரியில் சேர்த்தால் போதும். முதல் கணினிக்காக வெளியிலிருந்து வந்த பேக்கேஜ், மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் உள்ளேயிருந்தே போய்விடும்.