கோடைக் கடையில் கூழும் தர்பூசணியும்

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ள சுமார் 40 கிலோமீட்டர் பெருஞ்சாலையில் மாசி பிறந்ததும் கீற்றுப் பந்தல்கள் தோன்றிவிடுகின்றன. விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று நிழல் கிடைத்த இடத்தில் எல்லாம் தர்பூசணிக் குவியல்; அதன் பக்கத்தில் கம்பங்கூழ்ப் பானை; பங்குனி, சித்திரையில் நுங்குக் குலைகள். சென்னையிலிருந்து தெற்கே செல்லும் குடும்பங்கள் இறங்கி, ஒரு துண்டு பழமும் ஒரு சொம்பு கூழும் சாப்பிட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர்கின்றன.

இக்கடைகளுக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் இம்மாவட்டத்திலேயே விளைபவை. தர்பூசணி, கம்பு, கேழ்வரகு, மணிலா, பனை, கரும்பு வெல்லம் ஆகிய எல்லாம் இங்கு உண்டு. உப்புக்கூட மரக்காணத்து உப்புதான். ஆனால், விளைவித்தவரே எல்லாக் கடைகளிலும் அமர்ந்திருப்பதில்லை. கொல்லையில் எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவதே பலரது வழக்கம். அதன் இழப்பு என்ன என்பதை 2025ஆம் ஆண்டுக் கோடை காட்டிவிட்டது.

புயலும் புரளியும்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. நீர் வடிந்து, நிலம் காய்ந்து, பலர் மறுபடியும் கடன் வாங்கி விதைத்தனர். பழம் அறுவடைக்கு வந்த 2025 மார்ச் இறுதியில், தர்பூசணிக்கு ஊசி மூலம் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு சென்னையில் கிளம்பியது. கைப்பேசிகளில் படக்காட்சிகள் பரவின. வாங்குவோர் அஞ்சி ஒதுங்கினர்; வியாபாரிகள் வரவில்லை; பழம் கொடியிலேயே கிடந்தது. தோட்டக்கலைத் துறை விளக்கம் அளித்தது, விவசாயிகளும் திரண்டு முறையிட்டனர். என்றாலும், 2 மாதமே உள்ள பருவத்தில் சில வாரங்கள் போனால் போனதுதான்.

பேச்சு உண்மையா பொய்யா என்று ஆராய வாங்குபவருக்கு நேரமில்லை. அவர் பார்ப்பது கடைக்காரரின் முகத்தையும் கத்தியையும்தான். ஆகவே, இனி கொல்லைக்காரர் வீட்டு ஆள் ஒருவராவது கடையில் இருந்து, கேட்பவருக்குத் தெளிவாகப் பதில் சொல்வது நல்லது. அதற்குச் சில செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

தர்பூசணியின் சிவப்பு லைகோபீன் என்னும் இயற்கை நிறமியால் வருவது. தக்காளிக்கும் இதுவே நிறம் தருகிறது. பழத்தில் 100க்கு 90 பங்குக்கு மேல் நீர்தான். எனினும் அந்த நீர் பைக்குள் ஊற்றியதுபோல் இல்லை. சிறு சிறு திசு அறைகளில் அடைபட்டுள்ளது. ஊசியால் ஏற்றும் சாயம் குத்திய இடத்தில் திட்டாக நிற்குமே அல்லாமல், பழம் முழுவதும் ஒரே சீராகப் பரவாது. மேலும் குத்திய துளை வழியே கிருமிகள் நுழைந்து, கோடை வெப்பத்தில் பழம் விரைவில் அழுகும். ஒவ்வொரு பழமாக ஊசி போட்டு நட்டப்பட எந்த விவசாயிக்கும் தலையெழுத்து இல்லை.

சிலர் வெட்டிய பழத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒற்றிப் பார்த்து, தாள் சிவந்தால் சாயம் என்கிறார்கள். நன்கு பழுத்த பழத்தின் சாறும் தாளில் இளஞ்சிவப்பாகப் படியும். அதை மட்டும் வைத்து முடிவு கட்டுவது சரியன்று. பழத்தின் நடுவே வெடிப்பும் வெற்றிடமும் இருந்தால் மருந்து என்று எண்ணுவோரும் உண்டு. மகரந்தச் சேர்க்கை குறைந்தாலும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் மாறி மாறிக் கிடைத்தாலும் அவ்வாறு ஏற்படும். பூக்கும் பருவத்தில் காலை வேளையில் பூச்சிமருந்து தெளித்துத் தேனீக்களைக் கொல்லாமல் இருந்தாலே இக்குறை பெருமளவு நீங்கும்.

இவ்வளவையும் கடையில் நின்று பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. "வாங்க அண்ணே, நம்ம கொல்லைப் பழந்தான். நீங்களே தட்டிப் பார்த்து எடுங்க, உங்க எதிர்லயே வெட்டித் தர்றேன்" என்று ஒரு சொல் போதும். முன்கூட்டியே துண்டு போட்டு அடுக்கி வைப்பதைவிட, எதிரில் வெட்டுவது 2 மடங்கு நம்பிக்கை தரும். குழந்தை கையில் ஒரு சிறு துண்டைச் சும்மா கொடுத்தால் அந்தக் குடும்பம் திரும்பி வரும் வழியிலும் அதே பந்தலில் நிற்கும்.

நல்ல பழத்தைத் தெரிந்து அறுப்பதும் கடையின் பெயரைக் காப்பதே. காம்புக்கு அருகில் உள்ள பற்றுச்சுருள் காய்ந்திருக்க வேண்டும். தரையில் படிந்த பகுதி வெண்மை மாறி மஞ்சளாக வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்க வேண்டும். அறுவடைக்குச் சில நாட்கள் முன்பே பாய்ச்சலைக் குறைத்தால் இனிப்புக் கூடும். நல்ல விலை என்று இளம் பழத்தை அறுத்து அனுப்புவோர்தாம் ஊசிக் கதைக்கு வழிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வெண்பகுதியும் வீணல்ல

தர்பூசணியில் சிவந்த பகுதியை விற்றுவிட்டு மீதியைச் சாலையோரம் எறிவதால் ஈயும் நாற்றமும் சேர்ந்து வாடிக்கையாளரை விரட்டும். பச்சைத் தோலை மெல்லிதாகச் சீவிவிட்டால் எஞ்சும் வெண்பகுதி, சுரைக்காய் போல நல்ல காய்கறி. இதைச் சிறு துண்டுகளாக்கி, வேகவைத்த பாசிப்பருப்புடன் மஞ்சள்தூள், உப்பு சேர்த்து வேகவிட வேண்டும். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துக் கொதிக்கவிட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் கூட்டு தயார். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காயே நீர் விடும். பூச்சிமருந்து தெளித்த பின் காத்திருக்க வேண்டிய நாட்கள் கடந்து அறுத்த பழத்தின் தோலையே இவ்வாறு பயன்படுத்த வேண்டும். பச்சைத் தோலை நறுக்கி வைக்கோலுடன் கலந்து மாட்டுக்குப் போடுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சிறுத்த, கோணலான பழங்களை வியாபாரி கழித்துவிடுவார். இவற்றின் சாறுக்கு எந்தக் கோணலும் இல்லை. விதை நீக்கிய பழத்தைக் கையால் மசித்து, ஒரு லிட்டருக்கு ஓர் எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, சிறிது மிளகுத்தூள் சேர்த்தால் போதும். பழம் பழுத்திருந்தால் சர்க்கரை தேவையில்லை. வேர்த்துக் களைத்து வருவோருக்கு உப்பும் நீரும் சேர்ந்து கிடைப்பதால் உடனே தெம்பு வரும்.

பழத்தை வெட்டுமுன் முழுதாகக் கழுவ வேண்டும். மண் ஒட்டிய தோலில் கத்தி இறங்கினால், தோலில் உள்ள கிருமி சதைக்குள் போகும். வெட்டிய துண்டை 2 மணி நேரத்திற்கு மேல் வெளியில் வைத்து விற்கக் கூடாது. கத்திரி வெயிலில் ஒரு மணி நேரமே கணக்கு. மீனுக்குப் போடும் ஐஸ் கட்டியைச் சாற்றில் போடுவது பெரும் தவறு. ஈரத்துணி சுற்றி மணலில் பதித்த மண்பானைக் குளிர்ச்சியே போதுமானது.

கம்பங்கூழ்

கூழ் இப்பகுதி மக்களுக்குப் புதியதன்று. புதியது என்னவென்றால், காலையில் வீட்டில் கூழ் குடித்த தலைமுறை அதை விட்டுவிட, நகரத்தார் காசு கொடுத்துத் தேடிக் குடிப்பதுதான். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் இந்நாட்டம் மேலும் கூடியுள்ளது.

கம்பின் மேல் சிறிது நீர் தெளித்துக் கால் மணி நேரம் வைத்திருந்து, உரலில் இலேசாகக் குத்திப் புடைத்து உமியை நீக்க வேண்டும். பின் நொய்யாக உடைத்துக்கொள்ள வேண்டும். ஒரு படி நொய்க்கு 4 முதல் 5 படி தண்ணீர் வேண்டும். தண்ணீர் கொதித்ததும் உப்பிட்டு, நொய்யைத் தனியே கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பால் கிளற வேண்டும். சிறு தீயில் அரை மணி நேரத்திற்கு மேல் வேக வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கலாம். ஆறிய பின் உருண்டைகளாக உருட்டி, காய்ச்சி ஆறவைத்த நீரில், மண்பானையில் இரவு முழுவதும் மூழ்கியிருக்குமாறு வைக்க வேண்டும். காலையில் ஓர் உருண்டையைக் கரைத்து மோர் ஊற்றி, நறுக்கிய சின்ன வெங்காயம் போட்டுக் கொடுக்கலாம். இரவு ஊறும்போது ஏற்படும் இலேசான புளிப்பு சுவைக்கு மட்டுமல்ல. கம்பில் உள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கும் பொருள் ஓரளவு குறைவதற்கும் அது உதவுகிறது.

இங்கே பலர் செய்யும் தவறு, பருவத்திற்கு வேண்டிய மாவு முழுவதையும் ஒரே முறை அரைத்து வைப்பது. கம்பில் கொழுப்புச் சத்து அரிசியைவிட மிகுதி. அரைத்த மாவில் அது விரைவில் கெட்டு, ஒரு வாரம் பத்து நாளில் கசப்புத் தட்டும். அந்தக் கசப்பைக் கம்பின் இயல்பு என்று எண்ணி நகரத்தார் மறுமுறை கேட்பதில்லை. கம்பை முழுத் தானியமாகச் சேமித்து, இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மட்டும் உடைக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், கொத்தவரை வற்றல், உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய் வைக்கலாம். கடலோர ஊர்க்காரர் வந்தால் வறுத்த நெத்திலிக் கருவாடு கேட்காமல் போகமாட்டார். கேழ்வரகுக் கூழும் இதே முறைதான். மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, வெந்த அரிசி நொய்யில் ஊற்றிக் கிளறுவது மட்டுமே வேறுபாடு.

நுங்கு, பதநீர், மற்றவை

நுங்கு வழுக்கைப் பதத்தில் இருக்க வேண்டும். முற்றியது வயிற்று வலி தரும். தோல் நீக்கி நறுக்கி, நன்னாரி சர்பத்தும் எலுமிச்சைச் சாறும் குளிர்ந்த நீரும் சேர்த்தால் சிறந்த பானம். பதநீரில் நுங்கும் மாங்காய்த் துண்டும் போட்டுப் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தால், அதற்கு ஈடான பானம் எந்தப் பாட்டிலிலும் இல்லை. பதநீரை, அனுமதியுடன் இறக்குபவரிடம் காலையிலேயே வாங்கி, வடிகட்டி, முற்பகலுக்குள் விற்றுவிட வேண்டும். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கியது சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். கள் விற்பது இங்கு குற்றம். விற்காமல் தங்கும் நல்ல பதநீரில் பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்டுப் பொங்கலாக்கினால் வீட்டுக்கு ஆகும்.

பானகம், நீர்மோர் பற்றி இப்பக்கத்தைப் படிக்கும் வீடுகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிலாவுக்கு மட்டும் ஒரு சொல். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2 இந்தியா முழுதும் பரவிய இரகம். அப்படிப்பட்ட ஊரில் பயணிகளுக்கு வேகவைத்த பச்சை மணிலா கிடைக்காமல் இருப்பது குறைதான். உப்பிட்டு வேகவைத்துச் சூடாகக் கொடுக்கலாம். பூசணம் பிடித்த, சுருங்கிய பருப்பைத் தயங்காமல் கழித்துவிட வேண்டும். அதில் உள்ள நச்சு, வேகவைத்தாலும் போகாது.

வரவும் செலவும்

கொல்லையில் கிலோ 8 ரூபாய் விலை என்று வைத்துக்கொள்வோம். 4 கிலோ பழம் 32 ரூபாய். அதையே 12 துண்டுகளாக்கித் துண்டு 10 ரூபாய்க்கு விற்றால் 120 ரூபாய். பார்வைக்கு 88 ரூபாய் இலாபம். ஆனால் தட்டு, தண்ணீர், பந்தல், நாள் முழுதும் நிற்பவரின் கூலி, மாலையில் மிஞ்சும் துண்டு ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். வீட்டு ஆளின் கூலியைக் கணக்கில் சேர்க்காதவர் இலாபம் என்று நினைப்பது பெரும்பாலும் தம் உழைப்பையே. பார்க்க வந்த உறவினர் தின்ற பழமும் செலவுதான். எல்லாப் பழத்தையும் கடையில் விற்க இயலாது. முதல் தரப் பழத்தை வியாபாரிக்கும், கழிவை மதிப்புக் கூட்டிக் கடைக்கும் அனுப்புவதே காணி, அரைக் காணி உடையோருக்கு ஏற்றது.

சாலைப் புறம்போக்கில் பந்தல் போடாமல், சொந்தப் பட்டா நிலத்தில், வண்டி இறங்கி நிற்க இடம்விட்டுப் போடுவது பாதுகாப்பானது. வளைவில் கடை வைத்து விபத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. சிறு உணவுக் கடைக்கும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. பதிவுச் சான்றைப் பந்தலில் மாட்டி வைத்தால், கேள்வி கேட்பவருக்கு அதுவே பதில்.

கடை நடத்த எண்ணுவோர் தர்பூசணியை ஒரே நாளில் விதைக்கக் கூடாது. மார்கழி முதல் மாசி வரை 15 நாள் இடைவெளியில் மூன்று நான்கு தடவையாக விதைத்தால், பங்குனி தொடங்கிக் கத்திரி முடியும் வரை பழம் தொடர்ந்து வரும். விலை விழும் வாரத்தில் எல்லாப் பழமும் ஒருசேரப் பழுத்து நிற்காது. 3 முதல் 5 கிலோ எடையுள்ள சுகர் பேபி போன்ற சிறு பழ இரகங்கள் துண்டு வியாபாரத்திற்கு ஏற்றவை. விதைப்பு, உணவுப் பதப்படுத்தல் குறித்த மேல் விவரங்களைத் திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் நேரில் கேட்டறியலாம்.