பணம் நின்றாலும் பாடம் நிற்காது!

சோழவந்தான் என்றதும் வெற்றிலை நினைவுக்கு வரும். வைகைக் கரையில் விளையும் அந்த வெற்றிலைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கொடிக்காலுக்குள் போய்ப் பாருங்கள். முதலில் அகத்தி விதைக்கிறார்கள். அது வளர்ந்த பிறகே வெற்றிலைக் கொடியை நடுகிறார்கள். கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். வெறும் கம்பை நட்டால் போதாதா? கம்பு நாளடைவில் உளுத்துப் போகும். அகத்தியோ உயிருள்ள மரம். கொடியோடு தானும் வளரும், நிழலும் தரும்.

பள்ளிக்கூடமும் இப்படித்தான். வெளியிலிருந்து வரும் பணம் கம்பு மாதிரி. அது வேண்டியதுதான். ஆனால், ஒரு நாள் போய்விடும். அந்த ஊர் ஆசிரியர்கள் ஒன்றுகூடி வேலை செய்யும் பழக்கம் அகத்தி மாதிரி. அது நிலைத்து நிற்கும்.

வந்த பணமும் நின்ற பணமும்

பள்ளிக்கூடத்தைச் சீர்படுத்தும் முயற்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958 முதல் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித் துறையின் தலைவராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தினார். மக்கள் நிலம் கொடுத்தார்கள். கட்டிடம், பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம் என்று இயன்றதையெல்லாம் கொடுத்தார்கள்.

பிறகு 1994இல் இந்தியாவில் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. உலக வங்கி முதலான வெளிநாட்டு உதவியோடு நடந்த திட்டம் அது. தமிழ்நாட்டில் தர்மபுரி, திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களில் தொடங்கியது. பள்ளிக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஆசிரியருக்கு, பாடக் கருவிகள் செய்ய 500 ரூபாய். சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் முடிந்தது.

2001இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. 2018இல் அது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமாக மாறியது. இந்தத் திட்டத்தில் 100 ரூபாய் செலவானால், 60 ரூபாய் ஒன்றிய அரசின் பங்கு. 40 ரூபாய் மாநில அரசின் பங்கு.

2024-25ஆம் ஆண்டில் என்ன நடந்தது? பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்கவில்லை. அந்த ஆண்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. 2025 மே மாதத்தில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கு எப்படியும் போகட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தீர்ப்பு வரும்வரை மூன்றாம் வகுப்பிலேயே காத்திருக்குமா?

52இல் 17 போனால்?

பணம் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்.

52இல் 17 போனால் மீதி எவ்வளவு? 35. ஆனால், பல பிள்ளைகள் 45 என்று எழுதுவார்கள். ஏன்? 2இல் 7 போகாது. ஆகவே பிள்ளை திருப்பிப் போட்டு, 7இல் 2 போனால் 5 என்று எழுதிவிடுகிறது. பிறகு 5இல் 1 போனால் 4. விடை 45!

தனியாக இருக்கும் ஆசிரியர் என்ன நினைப்பார்? "பிள்ளைக்குக் கவனம் இல்லை" என்று நினைப்பார். தவறு என்று சிவப்பு மையால் அடிப்பார்.

நாலு ஊர் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, நாலு பள்ளி நோட்டுகளையும் விரித்து வைத்தால்? எல்லா நோட்டிலும் அதே 45 இருக்கும். குறை பிள்ளையிடம் மட்டும் இல்லை, சொல்லிக் கொடுத்த விதத்திலும் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

உடனே ஒருவர் வழி சொல்லுவார். "ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். 5 கட்டும் 2 குச்சியும் வையுங்கள். 7 குச்சி எடுக்கச் சொல்லுங்கள். 2 குச்சிதானே இருக்கிறது? பிள்ளை தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது 12 குச்சி. 7 எடுத்தால் 5. மீதியுள்ள 4 கட்டில் ஒரு கட்டை எடுத்தால் 3. விடை 35!"

இதற்கு எத்தனை கோடி வேண்டும்? ஒரு துடைப்பம் போதும்!

சென்னை ஆசிரியர்கள் செய்தது

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் ஒரு புதிய முறை தொடங்கியது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே ரிஷி வேலி என்ற இடம் இருக்கிறது. அங்கே கிராமப் பள்ளிகளில் அட்டைகளை வைத்துப் பாடம் நடத்தினார்கள். சென்னை ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, கூடி உட்கார்ந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே தயாரித்தார்கள். அதுதான் செயல்வழிக் கற்றல். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அவரவர் வேகத்தில் படிப்படியாக ஏறினார்கள். 2007இல் அந்த முறை தமிழ்நாடு முழுவதும் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. பின்னர் வேறு முறைகள் வந்தன.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அட்டை கிழிந்து போகும். புது அட்டைக்குப் பணம் வராமலும் போகும். அட்டை எப்படிப் பிறந்தது என்று தெரிந்த ஆசிரியர் புதிதாக ஒன்று எழுதிக் கொள்வார். உத்தரவு வந்தது என்பதற்காக மட்டும் அட்டையை எடுத்தவர், அது கிழிந்ததும் பழைய முறைக்கே போய்விடுவார்.

ஜப்பானில் நடப்பது

ஜப்பானில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் தயார் செய்கிறார்கள். ஒருவர் வகுப்பில் நடத்துகிறார். மற்றவர்கள் நின்று பார்க்கிறார்கள். யாரை? ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை! எந்தப் பிள்ளை எங்கே திகைத்தது என்று குறித்துக் கொள்கிறார்கள். பிறகு கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள்.

நம்மிடமும் இதற்கு இடம் இருக்கிறது. குறுவள மையம் என்று பெயர். பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடுவதற்காக ஏற்பட்டது அது. ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள சிற்றூர்ப் பள்ளிக்கு இதைவிடப் பெரிய துணை எது? நல்ல ஆசிரியர் ஒருவர் மாற்றலாகிப் போனாலும், அவர் கண்ட வழி மற்றவர்களிடம் தங்கியிருக்கும்.

ஆனால், கூட்டம் என்ற பெயரில் கையெழுத்துப் போட்டு, புள்ளிவிவரம் கொடுத்து, தேநீர் குடித்துக் கலைந்தால் பயன் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு சிக்கல் போதும். பிள்ளைகளின் நோட்டு நடுவில் இருக்க வேண்டும். "என் வகுப்பில் இது வரவில்லை" என்று ஆசிரியர் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவரை அதிகாரி குறை கூறக் கூடாது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

ஆசிரியர்கள் கூடினால் எல்லாம் ஆகிவிடும் என்று அரசாங்கம் கையைக் கட்டிக் கொள்ளக் கூடாது. கூரையும் கழிப்பறையும் சம்பளமும் பேச்சால் வருவதில்லை. கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும்.

பெற்றோருக்கும் பங்கு உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும். குழு கூடும்போது, "சுண்ணாம்பு அடித்தாயிற்றா? பெஞ்சு வந்ததா?" என்று கேட்கிறோம். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "ஐயா, அம்மா, நீங்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பிள்ளைகள் நோட்டைப் பார்த்தது எப்போது? அதற்கு நேரம் கிடைக்க நாங்கள் என்ன செய்யட்டும்?"

குற்றம் சாட்டுகிற குரலில் கேட்க வேண்டாம். உதவி செய்கிற குரலில் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் 52இல் 17ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 45 என்று சொன்னால் அடிக்க வேண்டாம். ஈர்க்குச்சியை எடுங்கள்!