லீவு நாளிலும் விடாத வேலை

சனிக்கிழமை காலையில் கல்முனையின் கந்தோர்கள் பூட்டிக் கிடக்கும். அங்கே வேலை செய்பவர்களுக்கு மட்டும் லீவு கிடைப்பதில்லை. ஆசிரியர் டியூசன் வகுப்பில் நிற்பார். முகாமைத்துவ உதவியாளர் வட்டையில் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார். உத்தியோகம் பார்க்கும் பெண்களுக்கோ வாரம் முழுக்கச் சேர்ந்த துணியும் விருந்தாளிகளும் காத்திருக்கும். மிச்ச நேரத்தை வட்ஸ்அப் குழு பார்த்துக்கொள்ளும்: "திங்கள் காலைக்குள் அறிக்கை தேவை."

உடம்பு வைக்கும் கணக்கு

வாரத்துக்கு 55 மணித்தியாலமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணித்தியாலம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் கூடுதல். உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கணிப்பு இது. கடை, அலுவலக ஊழியர்களுக்கு வாரம் 45 மணித்தியாலம், ஒன்றரை நாள் விடுமுறை என்று நமது நாட்டுச் சட்டம் 1954இலேயே வரையறுத்துவிட்டது. பஸார்க் கடைகளில் நிற்கும் பொடியன்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

மனம் ஏன் இறக்கி வைப்பதில்லை?

முடித்த வேலையைவிட, பாதியில் நிற்கும் வேலையே நினைவில் அதிகம் தங்குகிறது என்று 1927இல் புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். விட்ட வேலையை எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டம் போட்டுவிட்டாலே அந்த நச்சரிப்பு குறைகிறது என்பதைப் பின்னர் 2011இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. வெள்ளிக்கிழமை கந்தோரை விட்டு எழும்பும் முன், திங்கட்கிழமை முதலில் செய்யவேண்டியதை ஒரு துண்டில் எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். செலவில்லாத மருந்து.

வட்டைக்குப் போவதும் ஓய்வாகலாம். வேறு விதமான வேலை, விருப்பத்தோடு செய்தால், மனதைக் கந்தோரிலிருந்து பிரித்தெடுக்கும். விதைப்புக்கு வாங்கிய கடனை நினைத்துக்கொண்டே வரம்பில் நடந்தால் அது இரண்டாவது கந்தோர்தான்.

ஜும்ஆ காட்டும் வழி

ஜும்ஆவுக்குப் பாங்கு சொன்னால் பஸாரில் கடைகள் சாத்தப்படும். வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்வது சூரத்துல் ஜும்ஆ. தொழுகை முடிந்ததும் பிழைப்பைத் தேடிப் போகச் சொல்வதும் அதே அத்தியாயம். அந்த நேரத்தில் கடை பூட்டியிருப்பதற்காக எந்த வாடிக்கையாளரும் கோபிப்பதில்லை, ஏனென்றால் ஊருக்கே நேரம் தெரியும். லீவு நாளுக்கும் இதுவே வேண்டும். "ஞாயிறு அஸருக்குப் பிறகு போன் எடுக்கமாட்டேன், அவசரமென்றால் வீட்டு நம்பருக்கு எடுங்கள்" என்று குழுவில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரகசியமாகப் போனை அணைப்பவருக்குப் பதற்றம்தான் கூடும். வேலை நேரத்துக்கு வெளியே தொடர்பிலிருந்து விலகியிருக்க பிரான்ஸில் 2017 முதல் சட்டமே இருக்கிறது. இங்கே மேலதிகாரிகள் கொஞ்சம் மனம் வைத்தாலே போதும்.

அந்த அஸர் நேரத்தில் சாய்ந்தமருது, மருதமுனைக் கடற்கரைகளில் அரைமணி நேரம் நடக்கலாம், போன் இல்லாமல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடல் பக்கமே போகாதவர்களும் நம்மில் உண்டு; அவர்களை வற்புறுத்த வேண்டாம், குளத்துக் கட்டோ வயல் வீதியோ போதும். பகல் முழுக்கத் தூங்கித் தீர்ப்பதும் இராப் பத்து மணிக்குப் பிளேன்டீ குடிப்பதும் ஞாயிறு இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும்.

எப்போது வைத்தியரிடம்?

நெஞ்சுவலி என்றால் உடனே வைத்தியசாலை. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, பிள்ளைகளோடு பேசக்கூட மனமில்லை என்றால் ஆதார வைத்தியசாலையின் வைத்தியரிடம் சொல்லுங்கள். போனில் பேச விரும்புபவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926.